களையென்று பிடுங்கி எறியும் கீரைகள்

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், கரிசல் காட்டில் விதைத்த பயிரோடு விதைக்காத செடிகளும் தலைகாட்டும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, தரையோடு தரையாகப் படரும் பருப்புக்கீரை என்று வரிசையாக வரும். எங்கள் பாடப் புத்தகத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புதான்: அகன்ற இலைக் களைகள். களை எடுக்கப் போகும் பெண்களுக்கோ அது அன்று இரவுக்கான கறி. களைக்கொத்தியால் கொத்திப் போட்டதில் இளந்தளிரை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு பொழுது சாய வீடு திரும்புவார்கள். கூலி ஒரு பக்கம், மடிக்கீரை ஒரு பக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் உளுந்துக்குக் களைக்கொல்லி தெளிப்பது பற்றிச் செயல்விளக்கம் நடத்தினேன். மருந்தின் அளவு, தண்ணீரின் அளவு, கைத்தெளிப்பானுக்கு எந்த மூக்கு, காற்றடிக்கும் பக்கம் எல்லாம் சொல்லி முடித்தபின், வரப்பில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவர், "மருந்தடிச்ச காட்டுல கீரை பறிக்கலாமா ஐயா?" என்று கேட்டார். "பறிக்கக் கூடாதம்மா" என்றேன். "அப்ப வேற எங்க பறிக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. முப்பது ஆண்டுகளாக விரிவாக்கப் பணியில் இருப்பவன் அந்தக் கேள்வியை அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. இக்கட்டுரையில் பாதி அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

துருப்பிடிப்பதும் காறிப்போவதும்

இந்தக் கீரைகளைப் பற்றி இப்போது பத்திரிகைகளிலும் மருந்துக் கடைகளிலும் அதிகம் அடிபடும் சொல் 'ஆன்ட்டி ஆக்சிடென்ட்' என்பது. தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் என்கிறோம். பெயர் பெரிது, விஷயம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

மழையில் விட்ட மண்வெட்டி துருப்பிடிக்கிறது. அறுத்து வைத்த கத்தரிக்காய் கறுக்கிறது. திறந்து வைத்த கடலெண்ணெய் நாளானால் காறல் வாடை வீசுகிறது. மூன்றும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஏற்படும் மாறுதல்களே. உடலுக்குள்ளும் உணவு ஆக்சிஜனோடு சேர்ந்துதான் நமக்குச் சக்தி கிடைக்கிறது. அந்த வேலையின்போது ஜோடியில்லாத எலக்ட்ரானை உடைய சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை நிலைகொள்ளாதவை. பக்கத்திலிருக்கும் கொழுப்பிலோ புரதத்திலோ மரபுப் பொருளிலோ ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். இப்படி ஒரு சங்கிலி ஓடும். எண்ணெய் காறுவதும் இதே சங்கிலிதான்.

தடுப்புப் பொருள் என்பது தன்னிடமிருந்து ஓர் எலக்ட்ரானைத் தானே கொடுத்துவிட்டு, பின் பறிக்கப் போகாமல் அமைதியாக இருந்துவிடும் பொருள். சங்கிலி அத்தோடு அறுந்துவிடும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் வகைகள், பச்சை இலைகளிலும் தோல்களிலும் உள்ள ஃபீனால் பொருள்கள், செந்நிற நிறமிகள் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. இவை தவிர, உடலே இதற்கென்று நொதிகளைச் செய்து வைத்திருக்கிறது. அந்த நொதிகள் வேலை செய்யத் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம் போன்ற தாதுக்கள் சிறு அளவில் தேவை. அவையும் உணவிலிருந்தே வரவேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த நிலைகொள்ளாத மூலக்கூறுகள் முழுக்கவும் எதிரிகள் அல்ல. நம் வெள்ளை அணுக்கள் நோய்க் கிருமிகளைக் கொல்வதே இவற்றை வீசித்தான். அளவு மீறும்போதுதான் தொல்லை. புகை பிடிப்பது, காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது, ஓயாத அழற்சி, சர்க்கரை நோய் முதலியன அளவை மீறச் செய்யும்.

காட்டுச் செடியில் ஏன்?

செடி இந்தப் பொருள்களை நமக்காகச் செய்வதில்லை. தன் பாதுகாப்புக்காகச் செய்கிறது. உச்சி வெயில் இலையைச் சுடும்போதும், தண்ணீர் இல்லாமல் வாடும்போதும், புழு கடிக்கும்போதும் இலைக்குள்ளும் அதே ஆக்சிஜன் தொல்லை ஏற்படுகிறது. அதைச் சமாளிக்க ஃபீனால் பொருள்களையும் நிறமிகளையும் செடி கூடுதலாகச் செய்துகொள்ளும். பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, யூரியா போட்டு, மருந்தும் தெளித்து வளர்க்கும் கீரைக்கு அந்த அவசியம் குறைவு. தழைச்சத்து மிகுதியாகப் போட்ட கீரை அகலமாக, தளதளவென்று இருக்கும். ஆனால் வைட்டமின் சி-யும் ஃபீனால் பொருள்களும் குறையக் காண்பது வழக்கம். கசப்பும் துவர்ப்பும் குறைந்திருப்பதைக் கொண்டே இதை ஓரளவு ஊகிக்கலாம்.

முள்ளுக்கீரைத் தண்டின் சிவப்பும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் ஒரே குடும்பத்து நிறமி, பெயர் பீட்டாலெயின். நாவல் பழத்தின் ஊதாவும் களாப்பழத்தின் கருஞ்சிவப்பும் வேறு வகை, அவை ஆந்தோசயனின். இரண்டுமே தடுப்புப் பொருள்கள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாவல் பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார்களே, அந்தச் சாயம்தான் சத்து. கள்ளிப் பழத்தை மட்டும் தரையில் நன்றாகத் தேய்த்து நுண்முள்ளை நீக்காமல் யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

பருப்புக்கீரையின் கதை

இந்த வரிசையில் உலக அளவில் அதிகம் ஆராயப்பட்டது நாம் காலால் மிதித்துப் போகும் பருப்புக்கீரை. சில வட்டாரங்களில் கோழிக்கீரை என்பார்கள். தாவரப் பெயர் போர்ச்சுலாகா ஒலரேசியா. தண்டு சிவந்து சதைப்பற்றாக, இலை தடித்துச் சிறிதாக, பூ மஞ்சளாக இருக்கும். ருசி இலேசான புளிப்பு.

கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சைமோபூலோஸ் என்ற பெண் மருத்துவர், இதில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் மற்றக் கீரைகளைவிட அதிகமாக இருப்பதை 1986-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பின்னர் 1989-இல், கிரேக்கப் பண்ணையில் காடுமேடெல்லாம் மேய்ந்து இந்தக் கீரையையும் கொத்தித் தின்ற கோழிகளின் முட்டையில் அதே கொழுப்பு அமிலம் கடை முட்டையைவிடப் பல மடங்கு இருந்ததைக் காட்டினார். கோழிக்கீரை என்று பெயர் வைத்த நம் பாட்டிமார் எந்த ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்களோ தெரியாது.

1992-இல் வெளியான அவரது குழுவின் ஆய்வுப்படி, 100 கிராம் பச்சை இலையில் அந்தக் கொழுப்பு அமிலம் 300 முதல் 400 மி.கி. வரையும், வைட்டமின் ஈ சுமார் 12 மி.கி.யும், வைட்டமின் சி சுமார் 27 மி.கி.யும், பீட்டா கரோட்டின் சுமார் 2 மி.கி.யும் இருந்தன. கீரையில் 12 மி.கி. வைட்டமின் ஈ என்பது சாதாரணமல்ல. மீன் உண்ணாத குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் இந்த வகைக் கொழுப்பு அமிலம் மீன் எண்ணெயில் உள்ளதைப் போன்றதே அல்ல. உடல் அதில் சிறு பங்கைத்தான் அவ்வாறு மாற்றிக்கொள்ளும். மீனுக்கு ஈடு என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டியே எழுதுகிறார்கள்.

எண்களைப் பார்க்கும் விதம்

ஆய்வுக்கூடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் கீரைச் சாற்றைச் சொட்டுவார்கள். சாற்றில் தடுப்புப் பொருள் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவியில் அளந்து, இத்தனை சதவிகிதம் தடுப்புத் திறன் என்று எழுதுவார்கள். எங்கள் முதுகலை மாணவர்கள் பலரும் செய்யும் சோதனை இது. செலவு குறைவு, ஒரே நாளில் முடிவு. இந்தியக் காட்டுக்கீரைகள் பற்றி வந்துள்ள ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சோதனைக் குழாய்க் கட்டுரைகளே.

சோதனைக் குழாய்க்குக் குடல் இல்லை. ஃபீனால் பொருள்களில் பல குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன. உறிஞ்சியதையும் கல்லீரல் மாற்றிவிடுகிறது. எனவே குழாயில் ஊதாவை வெளுக்கச் செய்த கீரை இரத்தத்திலும் அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளின் தடுப்புத் திறனை எண்களாகப் பட்டியலிட்டு வைத்திருந்தது. வியாபாரிகள் அந்த எண்களைக் காட்டி விற்கத் தொடங்கியதாலும், அவை உடலில் நடப்பதைக் காட்டவில்லை என்பதாலும், 2012-இல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

நம் ஊர் அட்டவணைகளிலும் கவனம் தேவை. நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மி.கி. வைட்டமின் சி என்று நாம் படித்து வளர்ந்தோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது சுமார் 250 மி.கி. அளவே. அதுவும் மிக அதிகம்தான். ஆனால் பாதிக்கும் குறைவு. தண்டுக்கீரையில் இரும்புச் சத்து 25 மி.கி. என்று பழைய அட்டவணை சொல்லியது. பிந்தைய கணக்கில் மூன்றரை மி.கி.யை ஒட்டி வருகிறது. இலையில் ஒட்டியிருந்த மண்ணின் இரும்பும் முன்பு சேர்ந்து எண்ணப்பட்டிருக்க வாய்ப்புண்டு. இன்றும் பழைய எண்ணை அப்படியே எடுத்து எழுதும் புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன.

மாத்திரை ஆகாது

கீரையில் நல்லது இருக்கிறதென்றால் அதைப் பிழிந்து மாத்திரையாக்கினால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். மேல்நாட்டில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் கூடியது. 1994-இல் முடிவு வெளியானபோது ஆராய்ச்சி உலகமே திகைத்தது. அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் வைத்து நடந்த மற்றொரு சோதனையும் அதே மாதிரி போகவே, குறித்த காலத்துக்கு முன்னதாக 1996-இல் நிறுத்தப்பட்டது.

கரோட்டின் அடங்கிய கீரையும் காயும் பழமும் நிறைய உண்பவர்களுக்கு நோய் குறைவு என்பதும் உண்மை; தனியாகப் பிரித்த கரோட்டின் புகை பிடிப்பவர்களுக்குத் தீங்கு செய்தது என்பதும் உண்மை. கீரையில் நார்ச்சத்தும் தாதுக்களும் நூற்றுக்கணக்கான பிற பொருள்களும் சிறு சிறு அளவில் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் கூட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் பெரிய அளவில் கொடுக்கும்போது உடல் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. காட்டுக்கீரைப் பொடி, சாறு, குளிகை என்று டப்பாக்களில் நூறு வியாதிகளைப் போட்டு விற்பவர்களிடம் நம் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொண்டால் போதும். சர்க்கரை நோய்க்கோ புற்றுநோய்க்கோ டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் கீரைச் சாறு குடிப்பது உயிரோடு விளையாடுவது.

இரத்தசோகையும் கீரையும்

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். களை எடுக்கப் போகும் பெண்களும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

கீரை தின்றால் இரத்தம் ஊறும் என்று சொல்லி விட்டுவிட முடியாது. இலையிலுள்ள இரும்பில் மிகச் சிறு பகுதியே உடலில் சேரும். தடுப்புப் பொருள்கள் என்று மேலே புகழ்ந்தோமே, அதே ஃபீனால் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். தேயிலையின் துவர்ப்பும் அதே இனம். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பவர்களுக்குக் கீரையின் இரும்பு கிடைப்பது சொற்பமே. டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும்.

இதற்கு மாற்றும் சமையலறையிலேயே உள்ளது. வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்கு சேரும். கீரையை இறக்கி வைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சம்பழம் பிழியலாம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். அல்லது சாப்பாட்டோடு ஒரு பச்சை நெல்லிக்காய் கடித்துக்கொள்ளலாம். கருவுற்ற பெண்களும் சோகை முற்றியவர்களும் அரசு மருத்துவமனையிலும் துணை சுகாதார நிலையத்திலும் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். கீரை அதற்குத் துணை, மாற்று அல்ல. மாத்திரை ஆகாது என்று முன்பு எழுதியது கரோட்டின் போன்றவற்றுக்கே. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சமைக்கும்போது

கீரையை அரிந்தபின் கழுவக் கூடாது. கழுவியபின் அரிய வேண்டும். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து ஓடும். குறைந்த நீரில், சட்டியை மூடி, வெந்தவுடன் இறக்கினால் நஷ்டம் குறையும். கரோட்டினுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயே காட்டாத வெறும் அவித்த கீரையிலிருந்து கரோட்டின் உடலில் சரியாகச் சேராது. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் பூண்டும் வற்றலும் தாளித்துக் கொட்டுவது ருசிக்கு மட்டும் செய்ததல்ல. தொய்யக்கீரையைப் புளி சேர்த்துக் கடைவதும், பண்ணைக்கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பதும் கரிசல் சீமையில் இன்றும் வழக்கில் உள்ளன. பண்ணைக்கீரையைப் பூக்கதிர் வருமுன் பறித்துவிட வேண்டும். வந்தபின் தண்டு நாராகிவிடும்.

உலர்த்தி வைப்பதானால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுக்கும்போதே கரோட்டினும் போய்விடும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, காற்றோட்டமான திண்ணையில் காயவைத்து இறுக மூடி வைத்தால் கோடைக்கு ஆகும்.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்

பருப்புக்கீரையிலும் தண்டுக்கீரை இனங்களிலும் ஆக்சலேட் என்னும் அமில உப்பு அதிகம். சிறுநீரகத்தில் கல் இருந்தவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்களும் தினமும் ஒரே கீரையாக உண்ணாமல் மாற்றி மாற்றிச் சமைக்க வேண்டும். ஆக்சலேட் மிகுந்த கீரையை மட்டும் நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடலாம்; வைட்டமின் சி-யும் போகும், ஆனால் இங்கே அது பரவாயில்லை. தயிர் அல்லது மோர் சேர்த்து உண்டால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

மணத்தக்காளியின் பச்சைக் காயைச் சமைக்காமல் பிள்ளைகள் தின்னக் கூடாது. நன்கு கறுத்துப் பழுத்தது உண்ணலாம். வற்றலுக்குப் பறிக்கும் காயை மோரில் ஊறவைத்து, உலர்த்தி, வறுத்தே உண்கிறோம். கீரையோடு ஊமத்தைக் கன்று கலந்துவிட்டால் பேராபத்து: வாய் வறளும், கண்ணின் பாப்பா விரியும், ஆள் தன்னை மறந்து பிதற்றுவார். அந்த அறிகுறிகளைக் கண்டால் ஒரு நொடி தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெயர் தெரியாத தழை எதுவானாலும் சமையலுக்கு வேண்டாம். கைப்பேசியில் படம் பார்த்துக் கீரை பறிப்பதையும் நான் ஒப்பமாட்டேன். பறித்துப் பழகிய ஒரு மூதாட்டியோடு இரண்டு பருவம் காட்டில் நடந்தால் தெரிந்துகொள்ளலாம்.

சாக்கடை ஓரத்திலும், ஆலைக் கழிவு பாயும் வாய்க்காலிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் செழித்து நிற்கும் கீரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை இலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; கழுவினாலும் போகாது.

மருந்தடித்த காடு

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன்.

மக்காச்சோளத்துக்கு அட்ரசின், பருத்திக்கும் பயறு வகைகளுக்கும் பெண்டிமெத்தலின் ஆகியவை விதைத்த சில நாட்களுக்குள் மண்ணின்மேல் தெளிப்பவை. களை முளைப்பதையே தடுப்பவை. தப்பி முளைத்தாலும் அந்தக் காட்டில் அந்தப் பருவம் கீரை பறிக்கக் கூடாது. முளைத்தபின் உளுந்தில் தெளிக்கும் இமாசெத்தபைர் போன்றவை இன்னும் கவனத்துக்குரியவை. இவை இலை வழியாகச் செடிக்குள் சென்று மெதுவாகக் கொல்லும். தெளித்த மறுநாள் செடி வாடாது. பல நாள் வரை பசுமையாகவே நிற்கும். களைக்கூலிக்கு வந்தவர் அதைப் பார்த்து நல்ல கீரை என்றே நினைப்பார். மருந்து இலையின் உள்ளே இருப்பதால் உப்புத் தண்ணீரில் அலசினாலும் மஞ்சள் போட்டு அலசினாலும் பயனில்லை. மருந்து டப்பாவில் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பது பயிரின் அறுவடைக்காகச் சொன்னது. களைக்கீரைக்காக யாரும் கணக்கிட்டுச் சொன்னதல்ல.

களைக்கொல்லியே வேண்டாம் என்று நான் எழுதப் போவதில்லை. ஆள் கிடைக்காத காலத்தில், மழை விட்ட நாலு நாள் வெறிப்பில் பத்து ஏக்கரைக் களை எடுத்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெளிக்கிறவர் தெளித்ததைச் சொல்ல வேண்டும். தெளித்த காட்டின் நான்கு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் அது புரியும். அந்தப் பருவம் முடியும்வரை துணியை அவிழ்க்கக் கூடாது. பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மாலைக் காற்றில் மருந்து அவர் வரப்புக் கீரைமேலும் படியும்.

எங்கே பறிப்பது என்பதற்கு: காட்டின் ஓரத்தில், காற்று மருந்தைக் கொண்டுவராத பக்கமாக, இரண்டு சென்ட் இடத்தை மருந்து தெளிக்காமல் கீரைக்கென்று விட்டுவிடலாம். கிணற்றடி, தொழுவோரம், வீட்டுக் கொல்லை என்றால் இன்னும் வசதி. இதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைப்பதற்கில்லை. குப்பைக்கீரை ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கவனிக்காமல் விட்டால் அடுத்த மழைக்குக் காடெல்லாம் அதுதான். இலை தின்னும் புழுக்களும் அதில் தங்கிப் பயிருக்கு வரும். ஆகவே விதைக்கென நாலைந்து செடிகளை விட்டுவிட்டு, மற்றவற்றைப் பூக்குமுன் பறித்துத் தீர்த்துவிட வேண்டும். பறிக்கப் பறிக்கத்தான் துளிரும் வரும்.

பண்ணைக்கீரையின் வெண்மையும் இளஞ்சிவப்புமான கதிர்கள் தை, மாசியில் முற்றிக் காயும். கதிரை ஒரு முறத்தில் தட்டினால் மினுமினுவென்று கறுப்பு விதை உதிரும். புடைத்துச் சாம்பல் கலந்து மண் கலயத்தில் கட்டி வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு ஆகும். விதை மிகப் பொடி. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, மேலாகக் கையால் கீறிவிட்டாலே போதும், ஆழம் கூடாது. தொய்யக்கீரை விதைக்கு ஓடு கெட்டி. எல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடாது. இரண்டாம் மழைக்கும் மிச்சம் வைத்திருக்கும், அவசரப்பட்டு மறுபடி விதைக்க வேண்டியதில்லை. மணத்தக்காளிப் பழத்தை நீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்தி நாற்று விடலாம். முடக்கத்தானும் தூதுவளையும் வேலிக்கு. ஒரு முறை வந்துவிட்டால் பிறகு அவற்றைக் கேட்கவே வேண்டாம். பொன்னாங்கண்ணிக்கு மட்டும் ஈரம் வேண்டும். குழாயடித் தண்ணீர் ஓடும் இடத்தில், அது சோப்புத் தண்ணீராக இல்லாமலிருந்தால், ஒரு சாண் நீளத் தண்டுகளைக் கிள்ளி ஊன்றிவிடலாம்.

சென்ற ஐப்பசியில் அதே கிராமத்துக்குப் போயிருந்தேன். இரண்டு காடுகளின் மூலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மூன்றாவதில் கட்டவில்லை, கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார் காட்டுக்காரர். அன்று அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வேனில் வந்த பெண்கள். அவர்களில் ஒருவர் மடியில் தொய்யக்கீரை இருந்தது. எப்போது தெளித்தது என்று விசாரித்து, தெளித்து ஆறு நாள்தான் ஆகிறதென்று அறிந்து, அதைக் கொட்டச் சொன்னேன். கொட்டிவிட்டார். மேலண்டைக் காட்டில், துணி கட்டாத, மருந்தே அடிக்காத கம்பங்கொல்லை ஒன்று இருந்தது. சொந்தக்காரரிடம் கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய்ப் பறித்துக்கொண்டார்கள்.